தொடையில் இருக்கும் தகடு

நானே போய்க்கொள்வேன் என்று சொன்னது நான்தான். அடுத்த வீட்டு வசந்தா, "மீனம்பாக்கம் வரைக்கும் எங்க வீட்டுக்காரரு வருவாரு, பெரியப்பா" என்றாள். "நான் என்ன கொழந்தையா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டுப் புதுச்சேரியில் தனியாகப் பஸ் ஏறினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

1983 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை பாரிசில் என் மகள் ஸ்டெல்லாமேரிக்குக் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி அப்பாதான் பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரை நடத்திப் போக வேண்டும். அதற்காக இரண்டு மாதமாகக் கடற்கரைச் சாலையில் நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தேன். இந்த விமானத்தை விட்டால் அவள் தனியாகத்தான் நடப்பாள். அவளுக்கு அம்மாவும் இல்லை.

நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். கடற்கரை நினைவுச்சின்னத்தில் வருஷா வருஷம் மாலை வைக்கும்போது கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு போவோம். அன்றைக்குப் போலீஸ்காரர்கூட ஒதுங்கி வழிவிடுவார். அந்த நினைப்பில், மே மாத வெயிலில், கோட்டும் நான்கு மெடல்களுமாக ஏர்போர்ட்டுக்குப் போய் நின்றேன்.

வாசல்நிலை மாதிரி நின்ற இயந்திரம் கத்தியது. மெடல்களைக் கழற்றினேன். மறுபடியும் கத்தியது. சாவி, பெல்ட், ஜெபமாலை எல்லாம் தட்டுக்குப் போன பிறகும் கத்தியது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் போலீஸ்காரர். சட்டையில் அரிகிருஷ்ணன் என்று பெயர் இருந்தது.

"தொடையில தகடு. இந்தோசீனாவுல குண்டு பட்டுது."

டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்கப் பிரெஞ்சு. முப்பது வருஷமாக அதைப் பெருமையாகப் பெட்டியில் வைத்திருந்த மடையனுக்கு, வேறு பாஷையில் ஒரு வரி எழுதி வாங்கத் தோன்றவில்லை.

"கூட யாராவது வந்திருக்காங்களா? இது உள்ள இருக்குன்னு தெரிஞ்சவங்க?"

"என் சம்சாரத்துக்குத் தெரியும்."

"கூப்பிடுங்க."

"செத்து நாலு வருஷமாச்சு."

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். பேண்ட்டை இறக்கச் சொன்னார். இந்த வயதில் இது வேறு என்று எரிச்சலாக வந்தது. தழும்பின் மேல் விரலை வைத்து, மெதுவாக அமுக்கிக்கொண்டே போனார்.

மழைக்காலத்தில் அந்த இடம் குடையும். என் சம்சாரம் ரோசா, எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து திட்டிக்கொண்டே தேய்த்துவிடுவாள். அவள் போன பிறகு அங்கே யார் கையும் பட்டதில்லை. அங்கே என்ன, என் உடம்பில் எங்குமே பட்டதில்லை. கோயில் பூசையில் சமாதானம் சொல்லி நாலு பேர் கைகொடுப்பார்கள். அது வேறு.

"வலிக்குதா சார்?"

"இல்ல" என்றேன்.

"தகடுதான் சார், கையிலயே தெரியுது. ஃப்ளைட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. நீங்க போலாம்."

நான் பேண்ட்டை ஏற்றவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் விமானத்தின் பெயரை மறுபடி சொன்னார்கள்.

"முட்டிக்கு மேல, இந்தப் பக்கம் ஒரு ஸ்குரூ இருக்கு" என்றேன். "அதையும் பாத்துடுங்க."

அவர் குனிந்து கையை வைத்தார். அந்தப் பக்கம் ஸ்குரூ எதுவும் கிடையாது.