கழுத்துக்குக் கீழே ஒன்பது மதிப்பெண்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பலவிதமான கேள்விகள் கேட்பார்கள். எப்போது கதவு திறக்கும், காற்று தீர்ந்துவிடுமா, கயிறு அறுந்துவிடுமா என்று கேட்பார்கள். ஒருவர் தனக்கு உயில் எழுதத் தாள் கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். ஆனால் ஏழு வருடத்தில் ஒருவர்கூட, "நீங்க இன்னிக்கு என்ன உடுத்தியிருக்கீங்க?" என்று அவளைக் கேட்டதில்லை.

அந்தக் கவலையெல்லாம் நிறுவனத்துக்குத்தான் இருந்தது.

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் அவசர அழைப்புப் பிரிவில், மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவது அவள் வேலை. நாளெல்லாம் "ஹலோ" சொல்லிச் சொல்லி அவளுக்கு 'ஹலோ' என்றே பெயர் நின்றுவிட்டது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறவள் உடம்பை இறுக்காத தொளதொள சட்டையும் பழகிய செருப்புமாக வருவாள். அதில் குற்றம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, புதிய மனிதவள மேலாளர் வந்து சேரும்வரை.

அவருக்கு வந்த இரண்டாம் நாளே 'இஸ்திரி' என்று பெயர் விழுந்தது. அவர் சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். உட்கார்ந்தால் கசங்கும் என்று கூட்டங்களில் நின்றுகொண்டே இருப்பார். வந்த வேகத்தில் 'தோற்ற மேம்பாட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்தார். அவர், அவருடைய உதவியாளர், கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர். அந்தக் கொள்முதல்காரர் முன்பு அலுவலகத்துக்குத் திரைச்சீலை வாங்கியவராம். ஆகவே துணி நிபுணர்.

வாசலில் வருகை அட்டையைத் தேய்க்கும்போதே இயந்திரம் ஒரு படம் எடுக்கும். வாரத்தில் ஏதோ ஒரு நாளின் படங்களை எடுத்து, குழு பத்துக்கு மதிப்பெண் போட்டு, வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டும். பாரபட்சம் என்ற பேச்சே வரக்கூடாது என்பதில் இஸ்திரி கறாராக இருந்தார். அதனால் எல்லாப் படத்திலும் முகத்தை வெட்டிவிடுவார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரைதான் இருக்கும். கீழே பெயரும் பதவியும் மட்டும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஹலோவுக்கு வாரா வாரம் மூன்று. ஒரு வாரம் பலகையில் "தூக்கக் கலக்கமான தோள்" என்று குறிப்பும் இருந்தது.

சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் பகல் ஷிஃப்டின் தலைவர் பதவி காலியானது. காலை ஏழு முதல் மூன்று வரை வேலை. அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். விடியற்காலையில் கிளம்பி மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்புவான். அவளும் ஒன்றரைக்குத்தான் கிளம்ப வேண்டும். கல்யாணமாகி நான்கு வருடமாக அவர்கள் வீட்டு வாசலில்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்ற, ஒருவர் மாட்ட. அவள் வரும்போது அவன் தூங்கியிருப்பான், அவன் கிளம்பும்போது அவள் தூங்கியிருப்பாள். பகல் வேலை கிடைத்தால் தினமும் ராத்திரிச் சாப்பாட்டை ஒரே நேரத்தில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

பதவிக்கு ஒரு புது விதி வந்திருந்தது. நேர்காணலுக்கு முந்தைய வாரத் தோற்ற மதிப்பெண் ஆறுக்குக் குறையக் கூடாது.

துணிக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் கைகொடுத்தாள். யாரோ அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லி வாங்கவே வராத ஒரு கருநீலக் கோட்டைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க சட்டையைப் பார்த்தா லிஃப்ட்ல மாட்டினதே நீங்கதான்னு நினைப்பாங்க."

"இது ஆம்பளை கோட்டு மாதிரி இருக்கேடி."

"பதவியும் ஆம்பளைங்க மாதிரிதானே கேக்கறீங்க? போடுங்க பேசாம."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரைக் கைது பண்ணப் போறே?"

"உங்களைத்தான். நல்லாயிருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நீ நல்லாயிருக்கே. கோட்டைப் பத்தி எனக்குத் தெரியாது."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் அலுவலகம் வரை சிரித்துக்கொண்டே நடந்தாள்.

அன்றைக்கென்று ஊரெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. அவள் அட்டையைத் தேய்த்து உள்ளே வரும்போதே அழைப்புகள் வரிசையில் நின்றன. அந்த ஷிஃப்டில் இருப்பது இரண்டே இருக்கைகள். பக்கத்து இருக்கைக்காரனை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்பார்கள். தினமும் பெண் பார்க்கப் போகிறவன் போல உடுத்தி வருவான். பகல் பதவிக்கு அவனும் விண்ணப்பித்திருந்தான். நல்ல பிள்ளைதான், கடிகாரம் மட்டும் அவனுக்கு ஆகாது.

இரண்டே காலுக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ரோட்ல ஒரே நெரிசல். அரை மணி ஆகும் போலிருக்கு."

"தம்பி, இங்க பதினாலு லிஃப்ட் நின்னு போச்சு. ஒத்தை லைனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"நேத்து அட்டையை டிராயர்லயே விட்டுட்டேன். நீங்களே தேய்ச்சுடுங்களேன், உங்களுக்குக் கோடி புண்ணியம்."

ஒருவர் அட்டையை இன்னொருவர் தேய்ப்பது வேலைக்கே உலை வைக்கும் குற்றம். ஆனால் அட்டையைத் தேய்த்தால்தான் அந்த இருக்கையின் தொலைபேசி லைன் திறக்கும். எடுத்துக் காத்திருக்கச் சொல்லியிருந்த ஒரு அழைப்பின் பின்னால் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஹலோ ஓடினாள், தேய்த்தாள். இயந்திரம் படம் எடுத்து நன்றி சொன்னது. திரும்பி வந்து வலது காதில் ஒரு ஹெட்செட், இடது காதில் ஒன்று. மாப்பிள்ளை மூன்றரைக்குத் தலைமுடி கலையாமல் வந்து சேர்ந்தபோது பதினான்கு லிஃப்டுகளும் திறந்திருந்தன.

வெள்ளிக்கிழமை பலகையில் அந்த நாளின் படங்கள்தான் ஒட்டப்பட்டிருந்தன.

ஹலோவின் பெயருக்கு மேலே கருநீலக் கோட்டு. மதிப்பெண் நான்கு. "முயற்சி தெரிகிறது. தோள் அளவு பொருந்தவில்லை. முதிர்ச்சி தேவை."

மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே கருநீலக் கோட்டு. மதிப்பெண் ஒன்பது. "விரிந்த தோள். ஆண்மை கலந்த தலைமைப் பொலிவு."

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு குனிந்து தன் தோளைப் பார்த்துக்கொண்டாள். இருபது நிமிடத்தில் அதற்கு ஐந்து மதிப்பெண் ஆண்மை வந்து சேர்ந்திருந்தது.

மாப்பிள்ளையை ஓரமாக அழைத்துக் கேட்டாள்.

"தம்பி, அந்தப் படத்துல இருக்கறது யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்னக்கா? எனக்குக் கோட்டே கிடையாதே." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா மாமனார் வீட்டுக்குப் படத்தை அனுப்பிட்டேன். பெரிசாக்கி மாட்டப் போறாங்களாம்."

"நேர்காணல்ல உண்மையைச் சொல்லிடப் போறேன். முன்னாடியே உன்கிட்ட சொல்லிடறேன்."

"ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்க்கா!"

அதுதான் அவளையும் தின்றது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் பதவி போகும். செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்குச் சீக்கிரமே கிளம்பியவள், கணவன் வருவதற்காக வாசலிலேயே காத்திருந்தாள். வந்ததும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அவன் ஒரு செருப்பைக் கழற்றியபடி கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

"இல்லை. தூங்கிடுச்சாம்."

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லிட்டு வா. விரட்டினா வீட்டுக்கு வா, நான் இங்கதான் இருப்பேன்."

நேர்காணல் அறையில் பொது மேலாளர் உட்கார்ந்திருந்தார், இஸ்திரி நின்றிருந்தார். பொது மேலாளரின் சட்டைப்பையில் மைக்கறை ஒன்று படம் வரைந்திருந்தது. அவர் பின்வாசல் வழியாக வருகிறவர். அங்கே படம் எடுக்கும் இயந்திரம் கிடையாது.

"உங்க வேலையைப் பத்தி ஒரு புகாரும் இல்லை," என்று இஸ்திரி வருத்தத்தோடு ஆரம்பித்தார். "ஆனா தோற்றம் நாலுல நிக்குது. ஒரு தலைவரைப் பார்த்ததும் தலைவர்னு தெரிய வேண்டாமா? உங்க சக ஊழியரோட கோட்டைப் பாருங்க. அதே நீலம்தான். ஆனா போடற ஆள் போட்டா எப்படி எடுக்குது!"

ஹலோ, லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள். அந்தக் குரல் எப்போதும் அவளைவிடத் தைரியமானது.

"சார், அந்த ரெண்டு படத்தையும் முகத்தை வெட்டாம காட்ட முடியுமா?"

"அது குழுவோட நெறிமுறைக்கு விரோதம்."

"காட்டுங்க," என்றார் பொது மேலாளர்.

இஸ்திரி கணினியைத் தட்டினார். முதல் படத்தில் ஹலோ. இரண்டாவது படத்திலும் ஹலோ, தலைமுடி கலைந்து, கழுத்தில் ஹெட்செட் தொங்க, வாயைத் திறந்தபடி. கீழே கொட்டை எழுத்தில் மாப்பிள்ளையின் பெயர்.

பொது மேலாளர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் அட்டையை நீங்க ஏன் தேய்ச்சீங்க?" என்று பொது மேலாளர் கேட்டார்.

சொன்னாள். நின்றுபோன லிஃப்டுகள், திறக்காத லைன், குழந்தை, இரண்டு காதிலும் ஹெட்செட் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்புதான் சார். ஆனா அந்த நேரத்துக்குத் திரும்பிப் போனாலும் தேய்ப்பேன்," என்றும் சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது.

பொது மேலாளர் அன்றைய அழைப்புப் பதிவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இரண்டு லைனிலும் ஒரே குரல். "அப்போ பதினாலையும் நீங்களே திறந்திருக்கீங்க. ஷிஃப்டை ஏற்கெனவே நீங்கதான் நடத்தறீங்க போலிருக்கே," என்றார்.

"ஆனா நாலு மதிப்பெண்..." என்று இஸ்திரி இழுத்தார். விதியை எழுதியவர் அவர், அதைத் தானே கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. குழுவின் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொள்வதும் ஆகாத காரியம். கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஞானம் பளிச்சிட்டது.

"சார், ரெண்டு படமும் இவங்களோடதுதானே? அப்போ ஒன்பதும் இவங்க வாங்கினதுதான். நாலும் ஒன்பதும் பதிமூணு. சராசரி ஆறரை. தகுதி இருக்கு! குழு சரியாத்தான் கணிச்சிருக்கு."

இப்படியாக ஹலோ பகல் ஷிஃப்டின் தலைவரானாள். நியமனக் கடிதத்தோடு, அடுத்தவர் அட்டையைத் தேய்த்ததற்கான எச்சரிக்கைக் கடிதமும் ஒரே உறைக்குள் வந்தது. மாப்பிள்ளைக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. அந்த வாரம் அவனுக்குத் தோற்றம் என்பதே இல்லை என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டது. மாமனார் வீட்டுச் சுவரிலிருந்து மட்டும் படம் இறங்கவில்லை என்று கேள்வி.

திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு அவளும் கணவனும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீ ஏன் சாப்பிடலை?" என்றான் அவன்.

"நீங்க பார்த்துக்கிட்டே இருக்கீங்களே."

"நாலு வருஷமா பார்க்காததை எல்லாம் பார்க்க வேண்டாமா? ரொம்ப வேகமா சாப்பிடுவே போலிருக்கே."

"அழைப்பு வந்துடும்னு பழக்கம்."

"இங்க யாரும் மாட்டிக்கலை. மெதுவா சாப்பிடு," என்று சொல்லி, அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினான்.