டப்பிங்கில் மாறிய பெயர்

எலவனாசூர்கோட்டை காசிநாதன் இயக்கிய நாலு படங்களும் ஏழைகளின் கண்ணீரைப் பற்றியவை. மேடை ஏறினால், "பயந்தவனுக்கு சினிமா எதுக்கு?" என்று மீசையை முறுக்குவார். கைதட்டல் காதைப் பிளக்கும். அப்பேர்ப்பட்டவருக்கு, கள்ளக்குறிச்சித் தியேட்டரில் ஐந்தாவது படத்தின் காலைக் காட்சியில், அந்த ஏசியிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

காரணம் பக்கத்து நாற்காலியில் இருந்தது. திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட வெள்ளிமலையிலிருந்து ஆந்திராவுக்கு ஆள் பிடித்து அனுப்பும் ராஜாங்கம், நாலு அடியாட்களோடு வந்து உட்கார்ந்திருந்தான். படமே அந்த வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றியதுதான்.

வெள்ளிமலையில் படப்பிடிப்பு நடந்தபோது, நிஜமாகவே புருசனைப் பறிகொடுத்த இருசம்மாளையே நடிக்க வைத்திருந்தார். அவளோ சொல்லிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, "எம் புருசன இட்டுக்கினு போனவன் ராஜாங்கம்" என்று கேமரா முன்னால் கதறிவிட்டாள். அப்படி ஓர் அழுகை மறுபடி கிடைக்காது, வெட்ட மனசில்லை. பெயரை அப்படியே விடத் துணிச்சலும் இல்லை. சென்னையில் டப்பிங்கின்போது வேறொரு பெண்ணைப் பேச வைத்து, உதட்டசைவுக்குப் பொருந்தும்படி 'நாகலிங்கம்' என்று மாற்றிவிட்டார். எல்லாம் அவளைக் காப்பாற்றத்தான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

திரையில் அந்தக் காட்சி வந்தது. "நாகலிங்கம்" என்றது குரல். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

படம் பார்க்க அழைத்து வந்திருந்த இருசம்மாள் முன் வரிசையில் எழுந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? நான் அந்தப் பேர சொல்லலியே! ராஜாங்கம்னுதான சொன்னேன்? இன்னாத்துக்கு மாத்துனீங்க?"

படம் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. காசிநாதன் வாசல் கதவைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

ராஜாங்கம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"டைரக்டர் சார், நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அந்தம்மா எம் பேரயா சொல்லிச்சு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

இருசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கேயும் எடுபடாத அவள் புகாருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

"இல்லீங்க" என்றார் காசிநாதன். "நாகலிங்கம்னுதான் சொல்லிச்சு. பாவம், புருசன் போனதுலருந்து அதுக்கு புத்தி சரியில்ல."

ராஜாங்கம் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் தட்டிக் கொடுத்தான். அந்தக் கை பட்டதும், வெட்கமில்லாமல், காசிநாதனுக்கு உயிர் வந்தது.