கொண்டையில் செருகிய மாப்பிள்ளை

பாத்திர மூடி அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆட்களைவிடச் சுவரொட்டிகள் அதிகம். 'பாதுகாப்பே முதல்' என்று வாசலில் ஒன்று, கழிவறையில் ஒன்று. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் உங்கள் முதுகிலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார்கள். விபத்தே நடக்காத இடம் என்று வருஷா வருஷம் கோப்பை வேறு. எப்படி நடக்கும்? அந்தச் சொல்லையே அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லையே! நகம் பெயர்ந்தாலும் கீறல், எலும்பு முறிந்தாலும் கீறல். ஒருத்தன் தலையே உருண்டிருந்தாலும், "கழுத்துல லேசா ஒரு கீறல்" என்று மேஸ்திரி ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த மூடியை அடிக்கச் சொல்லியிருப்பார். அவருடைய ஆள்காட்டி விரலே பாதிதான். கேட்டால், "அதுவா? சின்னக் கீறல்."

அங்கே பிரஸ் மிஷின் ஓட்டுகிறவள் இடி அக்கா. அவள் தும்மினால் பக்கத்துத் தெருவில் கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே போடுவார்கள். பெயர் அப்படி வந்தது.

பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் வேகம் வேண்டுமே! இடது பட்டனில் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டு வலது கையால் ஓட்டுவார்கள். இடது கை தகட்டை வைக்கும், எடுக்கும். ஒரு வேலையும் செய்யாமல் போட்ட இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருப்பதால் அந்த ஆப்புக்குப் பெயர் 'மாப்பிள்ளை'. அந்தப் பெயரை வைத்தவளே இடி அக்காதான்.

வைத்த பெயரே திரும்பி வந்து கடித்தது. பெட்டி கட்டும் பிரிவிலிருந்த அவளுடைய சொந்த மாப்பிள்ளையைப் பக்கத்து மிஷினுக்கு மாற்றினார்கள். தங்கமான பிள்ளை. ஆனால் வாயில் சோறு இருக்கும்போதே தூங்குவார். வீட்டில் கைக்குழந்தை வேறு. ராத்திரி முழுக்க அழுகை. காலையில் மகள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள்: "அம்மா, அவரு ரெண்டு கையோட வீட்டுக்கு வரணும்."

முதல் தகட்டை உள்ளே வைக்கும்போதே மாப்பிள்ளையின் தலை ஆடியது. இடி அக்கா எழுந்து போய், அவருடைய மிஷினிலிருந்த ஆப்பைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"அத்தை, குடுத்துடுங்க. வேகம் வராது. மேஸ்திரி திட்டுவாரு."

"ஒரு மிஷினுக்கு எதுக்கு ரெண்டு மாப்பிள்ளை? நீங்க இருக்கீங்க, போதும்."

சொன்ன கையோடு தன் மிஷினின் ஆப்பையும் பிடுங்கிக் கொண்டையில் செருகினாள். இப்போது தலையில் இரண்டு கொம்பு. மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்னம்மா இது கூத்து? எடுத்த எடத்துல வை."

"மாட்டேன்."

"இத்தனை வருஷம் நீயே வெச்சுத்தானே ஓட்டினே?"

"ஓட்டினேன். புத்தி இன்னிக்குத்தான் வந்துச்சு. வந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

"மேல இருக்கறவங்க கேப்பாங்க. வேலை போயிடும்!"

"வேலை போனா வேற வேலை தேடலாம். விரல் போனா எந்தக் கடையில தேடறது? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்வாங்களே, அந்தக் கதையா இருக்கு. முதலாளி விரல் போனா விபத்து, நம்ம விரல் போனா கீறல்!"

எங்கோ ஒருத்தி சிரித்தாள். இடி அக்கா கொண்டையிலிருந்து ஓர் ஆப்பை உருவி நீட்டினாள்.

"சரி மேஸ்திரி, வெச்சுடறேன். ஆபத்தே இல்லைன்னா உங்க கையை அச்சுக்குள்ள வைங்க. நான் மாப்பிள்ளையைச் செருகிட்டு, வலது பட்டன் பக்கத்துல நின்னு ஒரு தும்மல் போடறேன்."

மேஸ்திரியின் இரண்டு கைகளும், ஒன்றையொன்று கேட்காமலேயே, பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டன. கூடம் முழுக்க எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் கழன்று அடுத்த ஊரில் விழுந்திருக்கும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அடுத்த மிஷினில் ஓர் ஆப்பு பிடுங்கப்பட்டது. அதற்கடுத்ததில் ஒன்று. பெண்கள் எல்லாருக்கும் கொம்பு முளைத்தது; ஆண்கள் காதில் செருகிக்கொண்டார்கள்.

சத்தம் குறைந்ததைக் கேட்டு மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏன் எல்லாமே மெதுவா ஓடுது?"

இடி அக்கா வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். பாதி விரலை மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சார், இது கீறல் இல்ல. விபத்து. இனிமே இப்படித்தான் ஓடும்."

மேனேஜர் விரலைப் பார்த்தார், கொம்புகளைப் பார்த்தார், தன் தலைக்கு மேலிருந்த சுவரொட்டியைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் படிக்கிறவர்போல உதடு அசைந்தது. வந்த வழியே மாடியேறிவிட்டார்.

அந்த வருஷம் கோப்பை வரவில்லை. பழைய கோப்பைகளில் நட்டும் போல்ட்டும் போட்டுவைத்தார்கள். இப்போது லேசாகத் தகடு பட்டாலும் "மேஸ்திரி, விபத்து!" என்று நாலு பேர் கத்துகிறார்கள். நாலு பேரும் கத்துவதால் கட்டுப்போட ஆள்தான் கிடைப்பதில்லை.

மாப்பிள்ளை? அன்று மதியமே நின்றபடி தூங்கிப்போனார். இரண்டு கையும் பட்டனிலிருந்து வழுக்கித் தொங்க, மிஷினும் அவரோடு சேர்ந்து தூங்கிவிட்டது. எழுப்ப வந்த மேஸ்திரியை இடி அக்கா உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாள்.

"கொஞ்ச நேரம் தூங்கட்டும். கை ரெண்டும் வெளியிலதானே இருக்கு."

பிறகு, வந்த தும்மலை முந்தானையால் அமுக்கிக்கொண்டாள்.