ஹால்ட்வெல் வீட்டு வாரிசு

மின்னஞ்சலின் முதல் வரியிலேயே லொரைனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. தேவைக்கு மேல் மரியாதை. சாங்கி விமானச் சரக்கு முனையத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கிறவள் அவள். தாளில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றுமாக வருவதை ஆயிரம் முறை பார்த்தாயிற்று. தாள் எவ்வளவு பவ்யமாகப் பேசுகிறதோ அவ்வளவு சீக்கிரம் பெட்டியைப் பிரித்துவிட வேண்டும் என்பது அவள் கண்ட பாடம்.

எழுதியவர் பெயர் ரூபர்ட் ஹால்ட்வெல். இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டார். லொரைனின் அப்பா ஜெரார்டும் தானும் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தார்.

அதில் பாதி உண்மை என்று லொரைனுக்குத் தெரியும். அப்பாவின் தாத்தா எட்மண்ட் ஹால்ட்வெல் என்ற வெள்ளைக்காரர். நில அளவை வேலைக்குச் சிங்கப்பூர் வந்து, பிலோமினம்மாள் என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மகன் ஆர்னால்டுக்கு ஆறு வயதாகும்போது மலேரியாவில் போய்ச் சேர்ந்தவர். அந்த ஆர்னால்டின் மகன்தான் ஜெரார்ட். எட்மண்ட் ஒரு ‘பேரனட்’ வீட்டுப் பிள்ளை என்பதுதான் இதுவரை யாருக்கும் தெரியாதது. பேரனட் என்றால் அப்பனுக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் ‘சர்’ பட்டம். அந்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவரின் வழியில் கடைசியாகப் பட்டம் வைத்திருந்தவர் போன வருடம் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். அடுத்தது இரண்டாமவரான எட்மண்டின் வழி. அதில் உரியவர் யாரும் இல்லையென்றால் மூன்றாமவரின் பேரன் ரூபர்ட்.

பட்டத்தோடு வீடு வாசல், நிலபுலன் ஏதும் வருமா என்று கேட்டு எழுதினாள். ஒன்றும் இல்லை, எல்லாம் எப்போதோ விற்றுப் போயிற்று, பெயருக்கு முன்னால் ‘சர்’ போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று பதில் வந்தது. அது அவளை இன்னும் உறுத்தியது. பணம் கேட்கிற மோசடிக்காரனைப் புரிந்துகொள்ளலாம். ஒன்றுமே கேட்காமல், தனக்கு வர வேண்டியதை இன்னொருவனுக்குக் கொடுக்க இந்த மனிதர் ஏன் கடல் கடந்து வரவேண்டும்?

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எழுபத்துநாலு வயதில் மனிதருக்கு நடையே மாறிவிட்டது. தேக்கா சந்தையில் காலையில் கோப்பி குடிக்கிற கூட்டாளிகளிடம் சொல்லி, அவர்கள் ‘வாங்க சர்’ என்று நாற்காலி இழுத்துப் போடுவதாக அவரே வந்து பெருமையோடு சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ரூபர்ட் ரோவல் சாலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, வியர்த்துக் களைத்த மனிதர். லொரைன் சோபாவுக்கு எதிரே உட்கார்ந்து அவரை அளந்தாள். அப்பா பழைய படங்களை எடுத்துப் பரப்பினார். ரூபர்ட் ஒப்புக்குப் பார்த்தார். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்: எட்மண்டும் பிலோமினம்மாளும் எப்போது மணம் முடித்தார்கள்?

காரணத்தை அவரே விளக்கினார். ஆர்னால்ட் பிறந்தது 1927 மார்ச்சில். அதற்கு முன் கல்யாணம் நடந்திருந்தால் பட்டம் ஜெரார்டுக்கு. பிள்ளை பிறந்த பிறகு நடந்த கல்யாணம் வேறு எதற்கும் செல்லும், இந்தப் பட்டத்துக்கு மட்டும் செல்லாது. அங்கே சட்டம் அப்படி.

அப்பா எழுந்து உள்ளே போனார். பிறகு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த திருமணச் சான்று. தேதி 1926 ஆகஸ்ட் 20. ரூபர்ட் தாளை உறையிலிருந்து உருவி, ஜன்னலருகே கொண்டுபோய், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் பார்த்தார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நாளைக்கு எடுக்கலாம் என்று லொரைன் கை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலை விடுப்புச் சொல்லிவிட்டு, தாளோடு அந்தக் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் செரினா மறைக்கல்வி வகுப்பிலிருந்தே தெரிந்தவள். ஃபாதரிடம் கேட்டு பழைய திருமணப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதே பக்கத்தைப் போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்துட்டுப் போனாரே. உனக்குத் தெரியாதா?” என்றாள் செரினா.

போன வாரமா? நேற்றுத்தான் வந்து இறங்கியதாக அல்லவா அந்த ஆள் சொன்னார்.

பதிவேட்டில் எட்மண்ட், பிலோமினம்மாள் பெயர்கள் தெளிவாக இருந்தன. தேதி 1927 ஆகஸ்ட் 20. பிள்ளை பிறந்து ஐந்து மாதம் கழித்து.

உறையிலிருந்த தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஆண்டின் கடைசி எண் இருந்த இடத்தில் தாள் வெங்காயத் தோலாய் மெலிந்திருந்தது. பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். முதலில் அவள் புத்தி ரூபர்ட் மேலேதான் போயிற்று. ஜன்னலருகே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற ஆள். ஆனால் தனக்கு வர வேண்டியதைக் கெடுத்துக்கொள்ள அவர் ஏன் தேதியை முன்னால் தள்ள வேண்டும்? சுரண்டிய இடமும் தாளின் மற்ற இடங்களைப் போலவே பழுப்பேறியிருந்தது. அதன்மேல் பந்துமுனைப் பேனாவில் ஓர் ஆறு. தலை நீண்டு, வயிறு சிறுத்த ஆறு. வாரந்தோறும் அப்பா எழுதும் 4D லாட்டரிச் சீட்டில் அவள் பார்க்கிற ஆறு.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் ரூபர்ட் மறுபடி வருவதாக இருந்தது. அவள் தாளை இஸ்திரி மேசையின் மேல் வைத்தாள்.

“எப்பப் பண்ணீங்க அப்பா?”

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார்.

“எழுபத்தஞ்சுல. உங்கம்மாவைப் பொண்ணு கேட்டுப் போனப்ப. அவங்கப்பா மரியஅந்தோணி ஒரு கேள்விதான் கேட்டார். உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவரா, பின்னாடியான்னு. பின்னாடின்னு சொல்லிட்டேன். பேப்பரைக் கொண்டான்னார்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“கடைசி வரைக்கும் தெரியாது.”

பள்ளிக்கூடத்தில் ஆர்னால்டை எப்படிக் கூப்பிட்டார்கள், தன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். லொரைன் உட்கார்ந்தாள். நேற்றிரவு முழுக்க அந்த வெள்ளைக்காரனைத் திருடன் என்று முடிவு கட்டியிருந்தவளுக்கு இப்போது யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. செரினா சொன்னதைச் சொன்னாள். அப்பாவின் முகம் கறுத்தது.

“அப்ப நேத்து நான் பேப்பரை நீட்டினப்பவே அவருக்குத் தெரியும்.”

“தெரியும். ஏன் சும்மா இருந்தார்னு கேக்கணும். நீங்க என்ன சொல்லப்போறீங்க?”

“பொண்ணு கேட்டுப் போய் மாமனாரை ஏமாத்துனது ஒரு மாதிரி. இது வேற லா. அந்த மனுஷனோடதை நான் எடுத்துக்கிட்டதாயிடும்.”

மாலையில் ரூபர்ட் வந்து உட்கார்ந்ததும், தேநீர்கூடக் கொடுக்காமல், அந்த எண்ணைத் திருத்தியது தான்தான் என்று அப்பா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். ரூபர்ட் தலையைக் குனிந்துகொண்டார். பதிவேட்டை முன்பே பார்த்துவிட்டு வந்து ஏன் எங்களைச் சோதித்தீர்கள் என்று லொரைன் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. ஊருக்கு வந்து எட்டு நாளாகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். கோயில் கல்யாணத்துக்கு முன்னாலேயே வேறெங்காவது பதிவுக் கல்யாணம் நடந்திருக்குமோ, அதற்கான தாள் இந்த வீட்டில் இருக்குமோ என்று தெரியாமல் தான் பட்டம் கேட்டு மனுப் போட முடியாது என்றார். 1926 என்று பார்த்ததும், இவர்கள் பொய் சொல்கிறார்களா, பதிவேடு பொய் சொல்கிறதா என்று புரியாமல் இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. லொரைனுக்கு முழுசாக இறங்கவில்லை.

புறப்படும்போது அவர் ஒரு உறையை அப்பாவிடம் கொடுத்தார். எட்மண்ட் கல்யாணத்துக்கு மறுநாள் இங்கிலாந்தில் இருந்த தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல். முதல் பக்கத்தில் மழையும் வேலையும். மூன்றாம் பக்கத்தில், பிலோமினா நலம், பையனுக்கு என் காது என்று எழுதிக் கையெழுத்து. லொரைன் இரண்டையும் புரட்டினாள்.

இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டாள்.

தொலைந்துவிட்டது என்றார் ரூபர்ட். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அவர் ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் ஒரே வரியை எழுதி அனுப்பினாள்: இரண்டாம் பக்கம் வேண்டும். விட்டுவிடு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அதில் வேறு கல்யாணத்தைப் பற்றி ஏதாவது இருக்கும், அதனால்தான் மறைக்கிறார் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

ஐந்தாவது வாரம் பக்கம் வந்தது. வேறு கல்யாணம் எதுவும் அதில் இல்லை. கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டு எட்மண்ட் அதற்கு முந்தின வருடமே தன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். பதிலுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன், அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது, பிறகும் காத்திருந்தேன், என் கடிதங்கள் உங்கள் கைக்கு வராமல் தம்பி எடுத்து வைத்துக்கொண்டான் என்று இப்போது அறிகிறேன், இனி யார் அனுமதிக்காகவும் நிற்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். அந்தத் தம்பிதான் ரூபர்டின் தாத்தா. என் வழிக்குப் பட்டம் வருவதே அந்தக் கடிதங்கள் போய்ச் சேராததால்தான், அதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று கீழே ரூபர்ட் எழுதியிருந்தார். பட்டம் தன் பெயரில் ஏறிவிட்டதையும் சொல்லியிருந்தார்.

லொரைன் வாசித்துக் காட்டினாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்தார்.

“காத்திருந்திருக்கார்,” என்றார். “எங்கப்பா கடைசி வரைக்கும், தாத்தா மனசில்லாம ஊருக்குப் பயந்து கட்டிக்கிட்டார்னே நெனச்சிட்டிருந்தார்.”

பிறகு பதில் எழுதச் சொன்னார். ‘அன்புள்ள சர் ரூபர்ட்’ என்று ஆரம்பிக்கச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முடிந்தால் வரலாம், இந்த முறை ஹோட்டல் எடுக்க வேண்டாம், வீட்டிலேயே தங்கலாம் என்று எழுதச் சொன்னார்.

லொரைன் அப்படியே தட்டி அனுப்பினாள். வரட்டும், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.