அண்ணிக்குக் கிடைத்த வசதி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, புகார்க் கடிதமாகப் பிறந்தது. செவ்வாய்க்கிழமை அண்ணி என் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். "பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க தம்பி. கதையெல்லாம் எழுதுறீங்கல்ல?"

'ஐயா' என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் அந்த ஐயாவுக்கு மீசை முளைத்துவிட்டது. ஐந்தாவது வரியில் அவருக்கு ஒரு தொப்பையும் இரண்டு மோதிரங்களும் வந்து சேர்ந்தன. எனக்கு இந்த வியாதி உண்டு, என்ன செய்ய?

2

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்:

வானம் இருண்டு கிடந்த ஒரு மாலையில் (வேண்டாம். வானம் இருண்டதற்குப் பேங்க்காரர்கள் இன்னும் கட்டணம் போடவில்லை. நாமே எதற்கு யோசனை கொடுப்பது?)

ஓர் ஏழைப் பெண் தன் கண்ணீரைத் துடைத்தபடி (தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அண்ணி கொதித்துவிட்டார். "யாரு ஏழை? மாசம் பொறந்தா டாண்ணு சம்பளம் வாங்குறேன். அப்புறம் நான் எப்ப அழுதேன்? அடிங்க அதை!" அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அண்ணி பள்ளிக்கூட வேனில் உதவியாளர். கதவைத் திறப்பது, பிள்ளைகளை எண்ணுவது, வாந்தி எடுப்பவர்களுக்குப் பை நீட்டுவது, எல்லாம் நின்றுகொண்டே. வேன் டிரைவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்த வேலை அண்ணிக்கு என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஓட்டப் பழகியாயிற்று. பாக்கி, தேர்வுக் கட்டணம் ஐந்நூறு. கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விட்டால் அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் அந்த இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

"பெருசா ஒண்ணும் ஆசை இல்ல தம்பி. உக்காந்து வேலை பாக்கணும். அவ்ளோதான்."

(அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். வெளியூரில் வேலை. ஒரு மாதம் பணம் அனுப்புவார், மறுமாதம் விளக்கம் அனுப்புவார்.)

3

அண்ணியுடையது அடிப்படைக் கணக்கு. பேங்க் வாசலில் பலகையே இருக்கிறது: 'அடிப்படைக் கணக்கு. கட்டணம் கிடையாது.' அதில் 412 இருந்தது. கணக்கிலிருந்து தானாகவே போகும் போன் பில் 419. ஏழு குறைந்தது. முன்பெல்லாம் பில் திரும்பிப் போகும், அண்ணி கடைக்கு நடந்துபோய்க் கட்டிவிட்டு வருவார். இந்த முறை பேங்க் அந்த ஏழு ரூபாயைத் தானே போட்டுக் கட்டிவிட்டது. என்ன ஒரு தாராள மனசு!

இருப்புக்கு மேல் போனதற்கு மிகைப்பற்றுக் கட்டணம்* 250. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த பன்னிரண்டு நாளுக்கு, நாளுக்கு இருபது வீதம் 240. இதையெல்லாம் தெரிவித்த எஸ்எம்எஸ்ஸுக்குப் பதினைந்து. ஆக ஏழுக்கு ஐந்நூற்றைந்து. சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வாடகை கொடுத்தபின் தேர்வுக்கு மிச்சமில்லை.

* இந்தச் சொல்லை அறிக்கையில் படித்த அண்ணி திகைத்துப்போனார். "மிகைப்பற்றா? யாரு மேல எனக்கு மிகைப்பற்று? உங்க அண்ணன் மேலகூட அவ்வளவு கெடையாதே!"

4

வில்லன் பிரச்சினை.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். மீசை, தொப்பை, மோதிரம் எதுவும் இல்லை. கவுண்டரில் ஒல்லியாக ஒரு பெண், ஓயாத இருமல். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அண்ணியை 'அக்கா' என்றாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் எப்படிக் கோபப்படுவது?

"அக்கா, போன மாசம் கணக்கைப் புதுப்பிச்சப்ப 'கூடுதல் வசதி வேண்டுமா'ங்கிற எடத்துல நீங்க 'ஆம்'னு டிக் போட்டிருக்கீங்க. அந்த வசதிக்குத்தான் இது."

"ஏம்மா, ஒருத்தர் நம்மகிட்ட வந்து வசதி வேணுமான்னு கேட்டா, வேணாம்னு சொல்ல நான் என்ன லூசா?"

கவுண்டர் பெண்ணே சிரித்துவிட்டாள். அப்புறம் இருமினாள்.

இங்கே ஒரு பக்கம் கட்டுரை எழுதி வைத்திருந்தேன், வெட்டிவிட்டேன். சாரம் இவ்வளவுதான்: 'அவங்க வசதியானவங்க' என்றால் காசு உள்ளவர்கள். 'உங்க வசதிப்படி வாங்க' என்றால் நேரம். பேங்கில் வசதி என்றால் கடன். அண்ணி முதல் அர்த்தத்தில் டிக் போட்டார், அவர்கள் மூன்றாவது அர்த்தத்தில் வசூலித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைப்பே சொல்லை வைத்துத்தான் நடக்கிறது, அதை வைத்தே எங்கள் வீட்டில் கொள்ளையடித்திருக்கிறார்கள்.

5

முடிவுகள்.

அ) மேனேஜர் மனம் உருகி, தன் சொந்தப் பணத்தை (அண்ணி: "காதுல பூ சுத்தாதீங்க.")

ஆ) அண்ணி கவுண்டர் கண்ணாடியை ஓங்கி ஒரு (அண்ணி: "அதுக்கும் பில் போடுவான்.")

இ) நான் கடன் கொடுத்தேன். (என் கணக்கில் 38 இருக்கிறது. மேலே பேச வேண்டாம்.)

6

நடந்ததைச் சொல்கிறேன். மேனேஜர் அறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. வசதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அதை இன்றே சிஸ்டம் ஏற்றுக்கொண்டால், ஐந்நூற்றைந்தும் இன்றே கணக்குக்குத் திரும்பிவிடும். நாளை தேர்வுக் கட்டணம் கட்டிவிடலாம்.

"வேண்டாம்ங்கிற வரியை மட்டும் உங்க கையெழுத்துலயே எழுதணும்கா."

அண்ணி எழுதினார். 'எனக்கு வசதி வேண்டாம்.' எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வாழ்க்கையில இப்படி ஒரு வரி எழுதுவேன்னு நெனைக்கல தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதற்குக் கீழே ஒரு கட்டம். காரணம்.

"கட்டணம் அதிகம்னு போடவா?"

"நேத்து ஒருத்தர் அப்படிப் போட்டாரு அக்கா. சிஸ்டம் எடுத்துக்கல."

"தெரியாம டிக் போட்டுட்டேன்னு?"

"அதுக்கு வேற ஃபாரம். பத்து நாள் ஆகும்."

"அப்ப எதைத்தான் எடுத்துக்கும்?"

"அது எங்களுக்கே தெரியாதுக்கா." அவள் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணி தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க தம்பி. உங்களுக்குத்தான் வார்த்தை வரும்."

பதினேழு வருடமாக எழுதுகிறேன். அவள் ஏன் ஓடிப்போனாள், அவன் ஏன் திரும்பி வரவில்லை என்று எத்தனையோ பேருக்குக் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. நின்று நின்று கால் வீங்கிய ஒரு பெண்ணுக்கு வசதி ஏன் வேண்டாம்?

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதுங்கள். கட்டம் சின்னது, ஒரு வரிக்கு மேல் கொள்ளாது. கவுண்டர் மூட நான்கு நிமிடம் இருக்கிறது. அண்ணி இப்போது என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்.

காரணம்: ……………………………………