செவ்வாயில் ஒரு மரண அறிவித்தல்

எங்கள் ஆட்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பதைவிடப் பூனைக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கலாம். அனுபவத்தில் சொல்கிறேன். முகநூலில் ‘அண்டம் அறிவோம்’ என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். கருந்துளை பற்றி இரண்டு வாரம் மண்டையை உடைத்து ஒரு கட்டுரை போட்டால் ஐந்து லைக் விழும். அதில் ஒன்று நானே போட்டது. ‘இன்றிரவு அண்டக்கதிர்கள் பூமிக்கு மிக அருகால் போகின்றன, போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள்’ என்று எவனோ ஒரு விசரன் எழுதினால், அது நாங்கள் புலம்பெயர்ந்து இருக்கிற வோபர்ன் முழுக்கச் சுற்றிவிட்டு மார்க்கம் நகரத்தில் என் அலுவலகம் வரைக்கும் வந்து சேரும்.

அந்த அண்டக்கதிரால்தான் எங்கள் வீட்டில் பிரச்சினை. அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டவர் என் மாமனார் சாமித்தம்பி. ஊரில் களுவாஞ்சிக்குடிக்காரர், இப்போது இங்கே விட்பி நகரத்தில் மகனோடு இருக்கிறார். நான் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். பொய்யைக் கண்டால் எனக்குக் கை ஊரும். படம் கீறி, அம்புக்குறி போட்டு, அதே குழுவில் விளக்கினேன். மச்சான் ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டான். அடுத்த நிமிடம் மாமா குழுவை விட்டு வெளியேறினார். கோடை போய்ப் பனி கொட்டத் தொடங்கியும் மனுசன் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

என் மனைவி தக்ஷிகாவுக்கு ஒரே கவலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சோறூட்டும் சடங்கு, முதல் சோறு தீத்த வேண்டும். முதல் வாய் தன் அப்பாதான் தீத்துவார் என்று பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைத்தவள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க மாமா எண்டு ஒரு வார்த்தை சொன்னா உங்கட வாய் தேஞ்சிடுமா?”

“எதுக்கு மன்னிப்பு? கதிர் பக்கத்தால போகேல்லை எண்டதுக்கோ?”

“அப்ப உங்கட மகளுக்கு அந்தக் கதிரே வந்து தீத்தட்டும்.”

அந்தக் கடுப்போடு என் பக்கத்தைத் திறந்தேன். செவ்வாயில் நான்கு வருடமாக ஒரே இடத்தில் குந்தியிருந்து நில அதிர்வு கேட்டுக்கொண்டிருந்த இன்சைட் என்ற ஆய்வுக்கலம், சூரியத் தகடுகளில் தூசி படிந்து, மின்சாரம் இல்லாமல் அடங்கிப்போனதாகச் செய்தி வந்திருந்தது. கட்டுரை எழுதினால் எவன் வாசிப்பான்? எங்கள் ஆட்கள் ஒரு வரி விடாமல் வாசிப்பது மரண அறிவித்தல் ஒன்றைத்தான். சரி, அதிலேயே கரைத்துத் தருகிறேன், குடியுங்கள் என்று எழுதினேன்.

‘அமெரிக்கா கொலராடோவைப் பிறப்பிடமாகவும், செவ்வாய்க் கிரகத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்சைட் அவர்கள் காலமானார். அன்னார், முன்னரே செவ்வாயில் மறைந்த ஃபீனிக்ஸ் கலத்தின் அன்புத் தம்பியாவார். சில காலமாகத் தூசியால் அவதியுற்று வந்தார். தகவல்: பிரவீனன், தூரத்து உறவினர்.’ கீழே என் தொலைபேசி இலக்கம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

ஓடும் என்று தெரியும். இப்படி ஓடும் என்று தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் மேற்பாதியை வெட்டிவிட்டு, தூசியும் விளக்கும் என் இலக்கமும் உள்ள கீழ்ப்பாதியை மட்டும் பரப்பிவிட்டான். மறுநாள் நான் வீட்டிலிருந்துதான் வேலை. வேலை எங்கே நடந்தது? போன் ஓயவில்லை.

“தம்பி, பிரேதத்தைப் பார்வைக்கு எப்ப வைக்கினம்?” என்று ஒரு குரல்.

“அன்ரி, அது ஒரு இயந்திரம்.”

“ஓம் தம்பி. மனிச உடம்பே ஒரு இயந்திரந்தானே.”

மேல்மாடிப் பாலேஸ்வரி அன்ரி, செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று ஒரு தட்டம் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்துவிட்டார். தூசி என்றபடியால் ஆஸ்துமாதான் என்று நோயையும் தீர்மானித்திருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன்.

“அப்ப உந்த இடியப்பத்தை என்ன செய்யிறது?”

“வைச்சிட்டுப் போங்கோ அன்ரி.”

“ஒருத்தரும் சாகாமல் நான் ஏன் வைக்க?” என்று தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பவும் மணி அடித்தது. இடியப்பம்தான் மனம் மாறி வந்துவிட்டதாக்கும் என்று கதவைத் திறந்தேன். மாமா நின்றார். குளிர்ச்சட்டைக்குள் வெள்ளைச் சேட்டு, சப்பாத்தில் பனி, முகத்தில் துக்கம்.

தக்ஷிகா என் கையைக் கிள்ளினாள். “உண்மையைச் சொல்லித் துலைச்சிடாதீங்க” என்று காதுக்குள் சொன்னாள். சொன்னால் மனுசன் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ஒன்றும் இல்லை.

மாமா சோபாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

“கனகாலமா சுகமில்லாமக் கிடந்தவரோ?”

“கொஞ்ச நாளா, மாமா. தூசி.”

“மறுகா, பக்கத்தில ஆரும் இருக்கல்லியா?”

“ஒருத்தரும் இல்லை.”

“பாவம்.”

ஊரார் பொய்யையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டுகிறவன், வெள்ளைச் சேட்டோடு வந்த மனுசனை என் பொய்க்காக அழ வைப்பதா? முடியவில்லை.

“மாமா, செத்தது ஆள் இல்லை. செவ்வாயில விட்ட ஒரு பெட்டி. நான் பகிடிக்கு எழுதினது.”

தக்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா போனை எடுத்து என்னிடம் நீட்டினார். வெட்டுப்படாத முழு அறிவித்தல் அதில் இருந்தது.

“தெரியும் மருமகன். ஒண்டுக்கு ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிட்டன்.”

“அப்ப ஏன் வந்தனீங்கள்?”

மாமா மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டாத்தான் போகலாம். செத்த வீட்டுக்குக் கூப்பிடத் தேவையில்ல. நீங்களும் கூப்பிடுற மாதிரி இல்ல. நானும் எத்தின நாளைக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிற?”

தக்ஷிகா மகளைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். பிள்ளை தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் இழுக்க விட்டார்.

“மாமா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குச் சோறு தீத்திறம். நீங்கள் வந்துதான்…” என்று தொடங்கினேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “செத்த வீட்டில நல்ல காரியம் கதைக்கப்படாது. நான் போன பிறகு போன் எடுத்து முறையாச் சொல்லுங்க.”

செத்த வீட்டிலிருந்து புறப்படுகிறவர் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லக் கூடாது. மாமாவும் சொல்லாமலே எழும்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். கதவு சாத்துப்பட்டது. அவர் மின்தூக்கிக்குள் ஏற முன்னமே நான் இலக்கத்தை அழுத்திவிட்டேன்.