மடக்கினால் தெரியும்

“வைஸ்ல மாட்டிக்கிச்சு” என்றான் அண்ணன், மூன்றாவது முறையாக. முதலில் சீட்டு எழுதுபவரிடம், பிறகு நர்ஸிடம், இப்போது டாக்டரம்மாவிடம். சொல்லச் சொல்ல அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸின் கைப்பிடி தானாகச் சுழன்றதுகூட வந்துவிட்டது. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அவனுடைய வலது கை மேசைமேல் கிடந்தது. மூன்று நாளில் மணிக்கட்டுவரை வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. நடுவிரல் முட்டிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கீறல், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதிலிருந்து மஞ்சளாக வடிந்தது. நாற்றம் என் மாஸ்க்கைத் தாண்டி வந்தது. மாஸ்க் அம்மா மாட்டிவிட்டது. “அங்க வந்து வாயத் தொறக்காதே” என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள். அதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். என் முன்பல் ஒன்று இப்போது பாதிதான் இருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம்தான் அவனிடம் சொன்னேன், திங்கட்கிழமை வெளியூரில் வேலைக்குச் சேரப்போகிறேன், விடுதியில் இடம் கிடைத்துவிட்டது என்று. “யாரக் கேட்டு?” என்றான். “யாரையும் கேக்கல” என்றேன். அவ்வளவுதான். முதல் குத்தில் என் தலை சுவரில் மோதியது. இரண்டாவதில் பல் உடைந்த சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சமையலறையில் தள்ளினான். நான் கட்டிவைத்திருந்த பையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக மிதித்தான். அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம்.

“கைய மடக்குங்க” என்றார் டாக்டரம்மா.

“முடியல மேடம்.”

“முடிஞ்ச வரைக்கும். அடிபட்டப்ப எப்படி வச்சிருந்தீங்களோ அப்படி.”

முனகிக்கொண்டே மடக்கினான். விரல் மடங்க மடங்க அந்தக் கீறல் இடம் மாறி, சரியாக முட்டியின் உச்சியில் போய் நின்றது. முஷ்டி அரைகுறையாகத்தான் உருவானது. என் தலைக்கு அது போதும்; தானாகப் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் என் மாஸ்க்கை.

“இரும்பு கிழிச்சதுன்னா இன்னிக்கு ஊசி போட்டுட்டு நாளைக்குப் பாக்கலாம். பல்லுன்னா நாளைங்கிற பேச்சே இல்ல. மூட்டுக்குள்ள சீழ் போயிருக்கும், இப்பவே தொறந்து கழுவணும். இல்லன்னா விரல் போயிடும். மறைக்காம சொல்லுங்க.”

“வைஸ்தான் மேடம்” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே என்னை முறைத்தான். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“நீ சொல்லும்மா. எது பட்டுச்சு?”

விரல் போகட்டும் என்று நினைத்தேன். மனதார நினைத்தேன். நடுவிரல் இல்லாத கை எப்படிக் குத்தும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். அம்மா பேச்சைத் தட்டாத பெண் என்ற நல்ல பேரும் கிடைக்கும்.

மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறந்தேன்.

“இந்தப் பல்லு.”

கை பிழைக்கட்டும் என்று சொன்னேனா, அவன் மானம் போகட்டும் என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அண்ணன் இடது கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். மேசை சாய்ந்தது, கத்தரியும் கிண்ணமும் தரையில் உருண்டன. இரண்டு பேர் ஓடிவந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள். “வெளிய வாடி, உன்னக் கொல்லாம விடமாட்டேன்!” என்று கத்தினான். டாக்டரம்மா அசரவில்லை.

“கொல்றதுக்கும் கை வேணும்ல? தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

மதியம் வெளியே வந்தவர், என் கையில் ஒரு சின்னக் குப்பியை வைத்தார். மூட்டுக்குள் கிடந்ததாம். “பத்திரமா வச்சுக்கோ. போலீஸ்ல எழுதிக் குடுக்கறதா இருந்தா நானும் எழுதித் தரேன்.”

“அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன டாக்டர் போலீஸு?” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

வார்டில் அண்ணன் மயக்கம் தெளியாமல் கிடந்தான். கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நர்ஸ் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

“திங்கக்கிழமை வரைக்கும் இந்தக் கை கீழ இறங்கவே கூடாது. யாராவது பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்.”

“அதான் இவ இருக்காளே” என்றாள் அம்மா.

ஓங்கியபடி நின்ற அந்தக் கையைப் பார்த்தேன். நாற்காலியை அது எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குப்பியை மெதுவாக ஆட்டினேன். உள்ளே என் பல் சத்தம் போட்டது.